பக்கத்தில் போக விடமாட்டார்கள்: இலுலிசாட் கயாக் பயணம்

முதல் நாள் கயாக் (ஒல்லியான துடுப்புப் படகு) நிறுவனத்தார் எங்களைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. மாலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். கம்பளி உள்ளுடையெல்லாம் போட்டுக்கொண்டு போய் நின்றால், வழிகாட்டிப் பெண் துறைமுகப் பக்கம் கையைக் காட்டினார். காற்று திரும்பி, உடைந்த பனிக்கட்டிகளை எல்லாம் வாயிலில் கொண்டுவந்து அடைத்திருந்தது. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார், அவ்வளவுதான். சென்னையிலிருந்து நான்கு விமானம் ஏறி இறங்கியவரின் முகம் எப்படி இருக்கும்? என் கணவர் முகம் அப்படி இருந்தது. நான் அங்கேயே மனசுக்குள் ஒரு நட்சத்திரம் கூட்டிக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்களிடம்தான் இந்தக் கடலில் உயிரை ஒப்படைக்கலாம்.

இலுலிசாட், கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிற சின்ன ஊர். அந்த ஊர் மொழியில் பெயருக்கே 'பனிப்பாறைகள்' என்றுதான் பொருள். செர்மெக் குயாலெக் என்ற பனியாறு உடைத்துத் தள்ளும் பனிப்பாறைகள் ஒரு நீண்ட கடல்நுழைவு வழியாக மிதந்து வருகின்றன. முகத்துவாரத்தில் கடலுக்கடியில் ஒரு மேடு. பெரிய பாறைகள் அதில் தரைதட்டி மாதக்கணக்கில் நிற்கும். கரைந்து இளைத்த பிறகுதான் வெளியே நகரும். 2004 முதல் அந்த இடம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

மறுநாள் இரவு எட்டரைக்கு இறங்கினோம். ஜூலைத் தொடக்கம், சூரியன் மறையவே மறையாது. அதற்கு முன் முக்கால் மணி நேரம், தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட்டை மாட்டும் படலம். கழுத்துப் பட்டை ரப்பர், தலையை நுழைக்கும்போது பிரசவம்தான். ஆனால் தண்ணீர் மூன்று நான்கு டிகிரிதான் இருக்கும், விழுந்தால் அந்தச் சூட்தான் கதி என்பதால் முணுமுணுக்காமல் மாட்டிக்கொண்டேன். இரட்டை இருக்கைக் கயாக்கில் முன்னால் நான், பின்னால் சுக்கானை மிதிக்க அவர். முட்டுக்காட்டில் நான்கு ஞாயிற்றுக்கிழமை துடுப்புப் போட்டதுதான் எங்கள் அனுபவம். அமைதியான தண்ணீருக்கு அது போதும்.

"அந்த நீல வளைவுக்குள்ளே போகலாமா?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். வழிகாட்டி துடுப்பால் தண்ணீரைத் தட்டி எல்லாரையும் நிறுத்தினார். பக்கத்துப் பாறையில் சாய்வாக ஓடிய கோடுகளைக் காட்டினார். அவை எல்லாம் முன்பு நீர்மட்டம் இருந்த இடங்களாம். அதாவது அந்தப் பாறை ஏற்கெனவே சாய்ந்து புரண்டிருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு அடியில் இருக்கும். கீழே கரையக் கரைய சமநிலை மாறும். எப்போது கவிழும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வளைவுக்குள் போகக் கூடாது, இரண்டு பாறைக்கு நடுவிலும் புகக் கூடாது, உயரத்தைப்போல் பல மடங்கு தள்ளியே இருக்க வேண்டும். படத்தில் தொட்டுவிடும் தூரத்தில் தெரிவதெல்லாம் கேமரா வித்தை. ஊருக்கு அருகே செர்மெர்மியுட் என்ற இடத்துப் பக்கம் நடக்கப் போனால் கடற்கரையில் இறங்காதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்: பாறை உடைந்து திடீர் அலை வரும், சாகலாம் என்று.

தள்ளி இருந்தும் குறை தெரியவில்லை. துடுப்பை மடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கச் சொன்னார். சுற்றிலும் சின்னக் கட்டிகள் கரைந்துகொண்டிருந்தன. பனிக்குள் அடைபட்ட பழங்காலக் காற்று வெளியேறும் சத்தம். எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி, ஆனால் நாலாபக்கமும். ஒரு கட்டியைக் கையில் எடுத்தேன். கண்ணாடி மாதிரி தெளிவு, ஓரத்தில் மட்டும் ஊசிமுனைக் குமிழிகள். பிறகு தூரத்தில் எங்கோ இடி. வானம் வெளுப்பாக இருந்தது, இடித்தது பனி.

கயாக் என்பதே கிரீன்லாந்துக்காரர்கள் சொல். சீல் தோலைத் தைத்து, வேட்டைக்காரரின் உடம்பையே அளவாக வைத்துக் கட்டினார்களாம். நாங்கள் உட்கார்ந்தது பிளாஸ்டிக். யாருடைய அளவுக்கும் இல்லை. என் முதுகு இரண்டு நாள் சொன்னது.

ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் டேனிஷ் குரோனர், தேநீரும் பிஸ்கட்டும் சேர்த்து. நம் கணக்குக்குக் கொள்ளைதான், ஆனால் அங்கே ஒரு காப்பியின் விலையைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டேன். போகிறவர்கள் ஊரில் குறைந்தது மூன்று இரவு வையுங்கள். ஒரு நாள் காற்றுக்குப் போய்விடும். எங்களோடு நின்ற ஒரு ஜோடிக்கு மறுநாள் காலையே விமானம்; பணம் திரும்பி வந்தது, பயணம் வரவில்லை. விசாவும் கவனம்: சாதாரண ஷெங்கன் செல்லாது, விண்ணப்பிக்கும்போதே கிரீன்லாந்துக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்புறம் முகத்துக்குக் கொசுவலை. சிரிக்காதீர்கள். கடலில் ஒன்றும் இல்லை, கரையேறியதும் பள்ளிக்கரணை தோற்றது.

குறை ஒன்று உண்டு. அதனால்தான் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. என் சூட்டின் இடது மணிக்கட்டு ரப்பரில் மெல்லிய கிழிசல். அரை மணியில் முழங்கை வரை சில்லிட்டது. கொடுக்கும் முன் பார்த்திருக்க வேண்டாமா? கரையில் அவிழ்த்துக் கொடுக்கும்போது ஈரத்தைப் பிழிந்து காட்டினேன். வழிகாட்டி மன்னிப்புக் கேட்டார், கிழிசலில் சிவப்பு டேப்பைச் சுற்றி, அந்தச் சூட்டைக் கொட்டகையின் கடைசிக் கொக்கியில் தனியாக மாட்டினார். அதற்குள் பதினொன்றரைக் குழு வெயிலில் வந்து நின்றுவிட்டது.