இடி கேட்டபிறகு மெக்கர்: முடிப்பதா, பியூஸை உருவுவதா, நிறுத்துவதா?

ஐப்பசியில் மன்னார்குடிப் பக்கம் மோட்டார் வேலைக்குப் போனால், மதியத்துக்கு மேல் ஒரு கண் வானத்தில் இருக்க வேண்டும். மோட்டார் காயிலில் மெக்கர் (கம்பிச் சுற்றின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம், தூரத்தில் உருமும். அந்த நேரத்தில் வயர்மேன்கள் மூன்று வழிகளில் ஒன்றை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் மூன்றையும் எடுத்திருக்கிறேன்.

முதல் வழி, "இன்னும் ரெண்டு ரீடிங்தான், முடிச்சிட்டுப் போயிடலாம்." இதற்காகப் பேச ஒன்றே ஒன்றுதான் உண்டு: மறுபடி ஒரு தடவை வர வேண்டாம். மற்றபடி நம் கணக்கு தப்பு. மின்னல் தெரிந்து சத்தம் வர எத்தனை விநாடி என்று எண்ணிப் பாருங்கள், 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடித்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மழை மேகத்தைவிட்டு அவ்வளவு தூரம் தள்ளியும் மின்னல் இறங்கும் என்பதால், நம் தலைக்கு மேல் தூறல் இல்லை என்பது ஒரு கணக்கே இல்லை.

இரண்டாவது வழி பியூஸ் கேரியரை உருவிவிட்டு வேலையைத் தொடர்வது. மூன்றிலும் எனக்கு அதிகம் பயம் இதில்தான். முதல் வழியில் போகிறவனுக்கு உள்ளூர ஒரு பயமாவது இருக்கும். இவனுக்கு 'கரண்ட் இல்லை' என்ற தைரியம் வந்துவிடுகிறது. பியூஸ் நிறுத்துவது ஈ.பி. கரண்டை மட்டும். வயல் நெடுக கம்பம் கம்பமாக வரும் லைனில் எங்கோ மின்னல் இறங்கினாலும் அந்த வேகம் கம்பி வழியாகப் போர்டு வரை வரும். வானத்திலிருந்து தரைக்குத் தாவி வந்ததற்குப் பியூஸ் கேரியரின் இடைவெளி எம்மாத்திரம்? எர்த் கம்பியை எந்தப் பியூஸும் துண்டிப்பதில்லை. போர்வெல்லில் இரும்புக் குழாய் இருந்தால் அது மண்ணுக்குள் ஆழமாகப் போகிற ஓர் எர்த்தேதான். பக்கத்தில் மின்னல் விழுந்தால் அந்த மண்ணே மின்னழுத்தம் ஏறி நிற்கும். மெக்கரின் ஒரு கிளிப் காயிலில், இன்னொன்று மோட்டார் பாடியில், நடுவில் நம் கை.

சில வருஷம் முன்பு நீடாமங்கலம் பக்கம் ஒரு கொட்டகையில், மூன்று பியூஸையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளிப்பைப் பிடித்திருந்தேன். மின்னல் எங்கே விழுந்ததென்றுகூடத் தெரியவில்லை. முழங்கை வரை சுண்டி இழுத்தது. கொட்டகைக்காரப் பெரியவர், "தம்பி, போதும், எழுந்திரு" என்று அதட்டியதும்தான் எழுந்தேன். கையுறை போட்டிருந்தால்? நாங்கள் வாங்குகிற கையுறை பெரும்பாலும் 1000 வோல்ட்டுக்கு. மின்னல் கோடி வோல்ட் கணக்கு.

எர்த் டெஸ்ட், அதாவது எர்த் மண்ணோடு எவ்வளவு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று ஓம்ஸில் அளப்பது, இதைவிட மோசம். 20 மீட்டர், 40 மீட்டர் தள்ளிக் கம்பி அடித்து, ஈர வயலில் ஒயரை இழுத்துப் போட்டுவிட்டு, குழியிலிருந்து கழற்றிய எர்த் கம்பியோடு நிற்கிறோம். டெல்டாவில் குன்று ஏது, பாறை ஏது? நடவு வயலில் நிமிர்ந்து நிற்பது நாம் மட்டும்தான்.

அத்தனை ஆபத்துக்கும் கிடைக்கிற ரீடிங்காவது உருப்படியா என்றால், அதுவும் இல்லை. மழை ஈரத்தில் டெர்மினல் மேல் தண்ணீர் படிந்து, நல்ல காயிலே மெக்கரில் குறைவாகக் காட்டும். எர்த்தில் தலைகீழ். மண் ஊறிக் கிடப்பதால் ஓம்ஸ் குறைந்து, மோசமான எர்த்கூட நல்லது போலத் தெரியும். எர்த்தைப் பார்க்க வேண்டியது பங்குனி, சித்திரையில், களிமண் வெடித்துக் கிடக்கும்போது. அப்போது தேறினால்தான் அது எர்த். கோடை இடிமழையும் வரும் என்பதால் அப்போதும் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

மூன்றாவது வழி நிறுத்துவது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம், நடுவில் ஒன்று இடித்தால் மறுபடி முதலிலிருந்து. நஷ்டம் உண்டு, மறைக்கவில்லை. பெட்ரோல் செலவு, அரை நாள் கூலி, விவசாயியின் முகச்சுளிப்பு. ஆனால் மழை கொட்டுகிற நாளில் சம்பா வயலுக்கு மோட்டார் தண்ணீர் அவசரமா என்று கேட்டால் அவரே தலையாட்டிவிடுவார்.

நிறுத்துவதிலும் பக்குவம் வேண்டும். முதல் உருமலிலேயே மெக்கரை ஆஃப் செய்து, கேபிளில் தங்கிய சார்ஜ் இறங்கியதும் கிளிப்பை எடுங்கள். எர்த் கழன்று கிடக்கும்போது யாரும் மோட்டாரைப் போட்டுவிடாதபடி பியூஸ் நம் பையிலேயே இருக்கட்டும். இடி நெருங்கிவிட்டதென்றால் ஒயரைச் சுருட்ட நிற்காதீர்கள், அப்படியே போட்டுவிட்டு வாருங்கள்.

ஒதுங்குவது எங்கே? லைனும் குழாயும் உள்ளே வருகிற மோட்டார் கொட்டகை ஆகாது. தென்னை, பனையடி கூடவே கூடாது. கண்ணாடி ஏற்றிய வேன் நல்லது, ஒயரையும் குழாயையும் தொடாமல் இருந்தால் மாடி வீடும் நல்லது. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி என் போனில் இருக்கிறது. அது எச்சரித்தால் அன்றைக்கு மதிய வேலையை ஒப்புக்கொள்வதே இல்லை. காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.