தூங்காத ஹாக்கின்டாஷ்: சரிசெய்வதா, தூக்கத்தையே அணைப்பதா, மேக் மினி வாங்குவதா?

ஹாக்கின்டாஷ் என்றால் ஆப்பிள் அல்லாத சாதாரண பிசியில் மேக் ஓஎஸ்ஸை ஓடவிடுவது. என்னுடையது தூங்க (ஸ்லீப்) வைத்தால் தூங்காமல் தொல்லை கொடுத்தது. இதற்கு மூன்று வழி இருக்கிறது. யுஎஸ்பி போர்ட்டுகளை ஒழுங்காக மேப் செய்து, அதாவது எந்தெந்தப் போர்ட் இருக்கிறது என்று மேக் ஓஎஸ்ஸுக்குப் பட்டியல் கொடுத்து, ஹாக்கின்டாஷைத் தூங்க வைப்பது ஒன்று. தூக்கம் என்ற பேச்சே வேண்டாம் என்று அணைத்துவிட்டு மெஷினை ஓடவிடுவது இரண்டு. இருப்பதை விற்றுவிட்டு மேக் மினி வாங்குவது மூன்று. இரண்டாவது வழியில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, மூன்றாவதற்குப் பணம் எடுத்து வைத்து, கடைசியில் முதல் வழியில் போய் நின்றவன் நான். அதனால் நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மெஷின் விவரம்: ஐ7-8700, இசட்390 போர்டு, 32 ஜிபி ரேம், ஆர்எக்ஸ் 580 கார்டு, மேக் ஓஎஸ்ஸை பிசியில் கிளப்பிவிடுகிற ஓப்பன்கோர் வழியாக மேக் ஓஎஸ் சிக்கோயா பதிப்பு. ஐமேக்19,1 என்ற ஆப்பிள் மாடலின் வேஷத்தில் ஓடுகிறது. வேலை கல்யாண வீடியோ, கோயில் கொடை, பள்ளித் திருவிழா, எல்லாம் ஃபைனல் கட் என்ற எடிட்டிங் மென்பொருளில். வீடு குளச்சல் பக்கம், கடல் சத்தம் கேட்கும் தூரம். ஆப்பிளின் உரிம ஒப்பந்தப்படி மேக் ஓஎஸ் ஆப்பிள் கருவியில் மட்டும்தான் ஓட வேண்டும். தெரிந்துதான் செய்கிறோம், அந்த வாதத்துக்குள் போகவில்லை.

பிரச்சினை இரண்டாகத் தெரிந்தது. ராத்திரி தூங்க வைத்துவிட்டுப் போய்ப் படுத்தால், இரண்டே நொடியில் ஃபேன் சுற்றும். "மக்களே, அந்தப் பெட்டி தன்னால எழும்பி கெடக்கு" என்று அம்மா வந்து சொல்லும்போது மணி இரண்டு இருக்கும். இன்னொன்று, நீல நிற போர்ட்டில் செருகிய எஸ்எஸ்டி நொடிக்கு 40 எம்பி வேகத்தில் நொண்டியது. இவை இரண்டும் வேறு வேறு நோய் என்று நினைத்து வேறு வேறு மருந்து தேடியதில்தான் முதல் வாரம் போனது.

மேக் மினியை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் வாதாட அதிகம் இல்லை. எம்4 மினி 2024 அக்டோபரில் வந்தபோது இந்திய விலை 59,900 ரூபாய், 16 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ். சும்மா இருக்கும்போது 4 வாட் இழுக்கும் என்று ஆப்பிள் கணக்குக் கொடுக்கிறது. என் மெஷின் சும்மா இருக்கவே, மானிட்டரைச் சேர்க்காமல், பிளக் மீட்டரில் 62 வாட் காட்டுகிறது. என்னோடு கேமரா பிடிக்கிற தம்பி ஒருவன் எம்4 வாங்கியிருக்கிறான், மினியைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அவன் மேசையில் பார்த்ததுதான். தூங்கு என்றால் தூங்குகிறது, எழு என்றால் எழுகிறது. ஆனால் பழைய சதுர யுஎஸ்பி துளை ஒன்றுகூட அதில் கிடையாது, ஐந்தும் டைப்-சி. கார்டு ரீடர், கீபோர்டு, பழைய ஹார்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் சேர்த்து மலிவாக ஒரு ஹப் வாங்கிப் போட்டான். அதன் பிறகு, தூங்கி எழும்போதெல்லாம் டிஸ்க் சரியாக வெளியேற்றப்படவில்லை என்ற அறிவிப்பு வர ஆரம்பித்தது. டிஸ்க்கை நேராக மெஷினில் செருகினால் வருவதில்லை, ஆக குற்றம் ஹப் மேல்தான். ஆனாலும் மினிக்குப் போனால் யுஎஸ்பி தலைவலியே இருக்காது என்பது முக்கால் உண்மைதான். ரேமைப் பிறகு கூட்ட முடியாது, 256 ஜிபி ஒரு கல்யாணத்துக்கே போதாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இரண்டாவது வழிக்கு வருவோம். கம்ப்யூட்டர் தூங்க வேண்டாம், திரை மட்டும் அணையட்டும் என்று செட்டிங்கில் போட்டால் வேலை முடிந்தது, செலவு ஒரு நிமிடம். வேலை இல்லாத 16 மணி நேரத்துக்கு 62 வாட் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். நமக்கு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்பதால் அது 60 யூனிட்டாக வந்து நிற்கும். ஏசி இருக்கிற வீட்டில் இந்த 60 யூனிட் 500 என்ற கோட்டைத் தாண்டவைத்துவிட்டால், கட்டண அடுக்கே மாறிப்போகும்.

இருந்தாலும் என்னை அசைத்தது பில் இல்லை, மழை. தமிழ்நாட்டின் மற்ற பல ஊர்களுக்கு ஐப்பசியில்தான் மழை, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் உண்டு, அக்டோபரிலும் உண்டு. காற்றில் ஒரு தென்னை மட்டை கம்பி மேல் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்துவிட்டுப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாமல் இருந்ததில்லை. விழித்துக் கிடக்கிற மெஷின் அந்த இன்வெர்ட்டரில் ஃபேனோடும் லைட்டோடும் சேர்ந்து பேட்டரியைக் குடிக்கும். தூங்குகிற மெஷின் என் மீட்டரில் 3 வாட், பேட்டரிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் போட்டிருக்கிறோமா என்பதையும் இந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண மோடில் மாறுகிற இடைவெளி அதிகம், தூக்கத்தில் இருந்தாலும் ரேமில் இருப்பது போய்விடலாம்.

ஷட் டவுன் செய்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பலருக்கு அதுவே போதும். நான் ஒரு நாளில் ஆறு தடவை உட்கார்ந்து ஆறு தடவை எழுந்து போகிறவன், டைம்லைனும் பத்து ஜன்னலும் திறந்தபடி இருக்க வேண்டும்.

சரி, முதல் வழி. இதற்குத்தான் இத்தனை பீடிகையும்.

மேக் ஓஎஸ் ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுக்கு மேல் ஏற்காது. இது 2015-இல் எல் கேப்பிட்டன் பதிப்போடு வந்த வரம்பு. நிஜ மேக்கில் அத்தனை போர்ட் இல்லாததால் அங்கே யாருக்கும் இது தெரியவே தெரியாது. இசட்390 சிப்செட்டிலோ யுஎஸ்பி 2-க்கு எச்எஸ்01 முதல் எச்எஸ்14 வரை, யுஎஸ்பி 3-க்கு எஸ்எஸ்01 முதல் எஸ்எஸ்10 வரை, கூடவே யுஎஸ்ஆர் என்று இரண்டு, மொத்தம் 26. கண்ணுக்குத் தெரிகிற ஒரு நீலத் துளைக்குப் பின்னால் எச்எஸ் ஒன்று, எஸ்எஸ் ஒன்று என்று இரண்டு போர்ட் ஒளிந்திருக்கும். முன்பெல்லாம் ஓப்பன்கோரில் வரம்பை நீக்குகிற ஒரு க்விர்க்கை (அமைப்பு மாற்றத்தை) போட்டுச் சமாளித்தோம், பிக் சர் 11.3 வந்த 2021-க்குப் பிறகு அது பலிப்பதில்லை. வரிசையில் எச்எஸ் எல்லாம் முன்னால் நிற்பதால் 15 என்ற ஒதுக்கீட்டை அவையே தின்றுவிடும், எஸ்எஸ் ஒன்றுக்கும் இடம் கிடைக்காது. என் எஸ்எஸ்டி 40 எம்பியில் நொண்டியதன் காரணம் இதுதான். பாவம், அந்த எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுக்கவே போயிருந்தேன்.

என் போர்டில் உண்மையில் பயன்படுவது: பின்னால் கறுப்பு இரண்டு, நீலம் நான்கு, டைப்-சி ஒன்று, முன்னால் நீலம் இரண்டு, உள்ளே ப்ளூடூத். போர்ட் கணக்கில் 17. இரண்டை வெட்ட வேண்டும். எஸ்எஸ்டி நிரந்தரமாக நிற்கிற நீலத் துளையின் எச்எஸ்ஸை ஒன்றாக வெட்டினேன், அதில் இனி மவுஸ் செருகினால் வேலை செய்யாது, செருகப் போவதும் இல்லை. கறுப்பில் ஒன்றை வெட்டினேன்.

மேப் போடுவதற்கு யுஎஸ்பி டூல்பாக்ஸ், யுஎஸ்பி மேப், ஹாக்கின்டூல் என்று கருவிகள் உண்டு. நான் டூல்பாக்ஸ் கட்சி, அதை விண்டோஸிலேயே ஓட்டலாம், விண்டோஸுக்கு இந்த 15 வரம்பு கிடையாது. ஒரு யுஎஸ்பி 2 பென்டிரைவையும் ஒரு யுஎஸ்பி 3 பென்டிரைவையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையாகச் செருகினால் எந்தத் துளை எந்தப் போர்ட் என்று திரையில் விழும். அரை மணி நேர வேலை.

வேகம் வந்துவிட்டது. தூக்கம் வரவில்லை. டெர்மினலில், தூங்கியதையும் எழுந்ததையும் குறித்து வைக்கிற பிஎம்செட் லாகை எடுத்துப் பார்த்தால் எழுந்ததற்குக் காரணம் எக்ஸ்எச்சி என்று இருந்தது, அதாவது யுஎஸ்பி கன்ட்ரோலர்தான் தட்டி எழுப்புகிறது. இங்கே இரண்டு விஷயம் சேர்ந்து கிடந்தது. மேப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் அது என்ன வகை என்று ஓர் எண் கொடுக்க வேண்டும்: சாதாரண யுஎஸ்பி 2 துளைக்கு 0, யுஎஸ்பி 3-க்கு 3, உள்ளேயே இருப்பதற்கு 255. நான் ப்ளூடூத்தை 0 என்று விட்டிருந்தேன். யாரோ வெளியே செருகிப் பிடுங்குகிற சாமான் என்று மேக் ஓஎஸ் அதை நினைத்துக்கொண்டு தூங்கும்போதெல்லாம் தடுமாறியது. 255 ஆக்கியதும் பாதி அடங்கியது. மீதிப் பாதி, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் வன்பொருள் விவரமாகக் கொடுக்கிற ஏசிபிஐ அட்டவணையில் இருக்கிற ஜிபிஆர்டபிள்யூ என்ற பகுதி. தூங்கப் போன நொடியிலேயே எழுப்புகிற சமிக்ஞை அதன் வழியாகத்தான் வரும். அதன் பெயரை எக்ஸ்பிஆர்டபிள்யூ என்று மாற்றுகிற ஒரு பேட்ச், கூட ஒரு சிறிய எஸ்எஸ்டிடி (கூடுதல் ஏசிபிஐ அட்டவணை), அவ்வளவுதான். அன்றைக்குத் தூங்கிய மெஷின் காலையில் நான் எழுப்பும்வரை எழவில்லை. அதற்கு விலையும் உண்டு: இப்போது கீபோர்டைத் தட்டினால் எழாது, பவர் பட்டனை அழுத்த வேண்டும். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. தூக்கத்திலேயே மெயில் போன்றவற்றைப் புதுப்பிக்கிற பவர் நாப்பையும் நெட்வொர்க்கிலிருந்து எழுப்புவதையும் அணைத்து வைத்தேன்.

இத்தனை பாடுபட்டதற்கு மினியே வாங்கியிருக்கலாமே என்று தம்பி கேட்டான். "அண்ணே, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதையே திரும்பச் செய்யப் போறீங்களா?" என்றான். என் முடிவு முழுக்க இந்தக் கேள்வியில்தான் தொங்கியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யுஎஸ்பி மேப் மேக் ஓஎஸ் பதிப்போடு கட்டப்பட்டதல்ல, போர்டோடு கட்டப்பட்டது. சாலிடர் செய்த துளைகள் அப்டேட்டுக்கு அப்டேட் இடம் மாறுவதில்லை. சிக்கோயாவின் சின்னச் சின்ன அப்டேட்டுகள் எத்தனையோ போட்டுவிட்டேன், மேப்பைத் தொட வேண்டி வரவில்லை. ஹாக்கின்டாஷில் பராமரிப்பு என்று நிஜமாகவே கழுத்தை அறுப்பது வைஃபை போன்றவை. பழைய பிராட்காம் கார்டுகளுக்கான ஆதரவை சோனோமா பதிப்பில் எடுத்துவிட்டார்கள், அதற்குப் பேட்ச் போட்டவர்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் திரும்பப் போடுகிறார்கள். நான் ஈதர்நெட் கேபிளில் இருப்பதால் தப்பித்தேன்.

மேப் உடைகிற இடம் ஒன்று உண்டு, நானே அதில் விழுந்தேன். டூல்பாக்ஸில் நேட்டிவ் கிளாஸ் என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தால் கெக்ஸ்ட் (மேக் ஓஎஸ்ஸின் டிரைவர் கோப்பு) ஒன்று மிச்சம், ஆனால் அந்த மேப் எஸ்எம்பயாஸ் பெயரோடு, அதாவது போட்டிருக்கிற மேக் வேஷத்தோடு, கட்டுண்டுவிடும். ஒரு நாள் சோதித்துப் பார்ப்போம் என்று ஐமேக்19,1-ஐ ஐமேக்ப்ரோ1,1 ஆக மாற்றினேன். மேப் சத்தமில்லாமல் கழன்றுகொண்டது, எந்தப் பிழைச்செய்தியும் இல்லை, அன்று ராத்திரி அம்மா மறுபடி வந்து எழுப்பினார். இப்போது டூல்பாக்ஸின் சொந்த கெக்ஸ்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன், வேஷம் மாறினாலும் மேப் நிற்கும்.

இன்னொன்று பயாஸ். போர்டிலிருக்கிற சிஆர்2032 காசு பேட்டரி செத்துக் கிடக்க, கரண்டும் போய் இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிட்டால், பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், யுஎஸ்பி கட்டுப்பாட்டை ஓஎஸ்ஸிடம் ஒப்படைக்கிற எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்-ஆஃப் உட்பட எல்லாம் திரும்ப வைக்க வேண்டும். பயாஸ் திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் முடியும். பயாஸ் அப்டேட் பக்கம் நான் போவதில்லை.

பராமரிப்புக் கணக்கு இவ்வளவுதான். மூன்று வாரம் ஒரே தடவை கொடுத்த உழைப்பு, அதன் பிறகு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ மணி நேரம். கையில் ஏற்கெனவே ஓடுகிற மெஷின் இருக்கிறவனுக்கு 60,000 ரூபாயைவிட இது மலிவு. கையில் ஒன்றும் இல்லாமல் இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் ஹாக்கின்டாஷ் கட்டச் சொல்ல மாட்டேன், நேராக மினிதான். இன்டெல் மேக்குகளுக்கு 2025-இல் வந்த டஹோ பதிப்புதான் கடைசி, அந்தப் பட்டியலிலேயே ஐமேக்19,1 இல்லை. ஆப்பிள் வழக்கப்படி பார்த்தால் சிக்கோயாவுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2027 வாக்கில் நிற்கும், அதுவரை இது ஓடினால் எனக்குப் போதும். பிறகு இதையே விண்டோஸ் போட்டு விற்றால் நாகர்கோவிலில் சாதாரண பிசி விலைக்குப் போகும். லேப்டாப்பிலும் ஏஎம்டி போர்டிலும் நான் கை வைத்ததில்லை, மேலே சொன்னதை அங்கே அப்படியே எடுத்துப் போக வேண்டாம்.

எந்தத் துளைக்கு எந்தப் போர்ட் என்று எழுதிய தாளை கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டுக்கு உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். போன மாதம் அதில் ஒரு வரியை அடித்தேன். முன்னால் இருக்கிற நீலத் துளைகளில் ஒன்று கடல் காற்றில் துருப்பிடித்துப் போயிற்று, அதன் எச்எஸ்ஸும் எஸ்எஸ்ஸும் காலி. கிடைத்த இரண்டு இடத்தில் ஒன்றைப் பழைய கறுப்புத் துளைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இன்னொன்று சும்மா கிடக்கிறது.