கூட்டு மாத்திரையா, புரோஜெஸ்டின் மட்டுமா? கருத்தடையில் யாருக்கு எது பாதுகாப்பு

ஹார்மோன் கருத்தடையில் முதலில் பார்க்க வேண்டியது, அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கிறதா என்பதைத்தான்.

கூட்டு மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போன்ற செயற்கை ஹார்மோனான புரோஜெஸ்டினும் சேர்ந்திருக்கும். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை ஈஸ்ட்ரோஜன் கூட்டிவிடுவதால் காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வரலாம். மாத்திரை எடுக்காத, கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு இது வருகிறது. லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் கலந்த கூட்டு மாத்திரையில் 5 முதல் 7 பேர், டிரோஸ்பைரினோன் என்ற வேறொரு புரோஜெஸ்டின் கலந்ததில் 9 முதல் 12 பேர். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் வரும் ஆபத்து இதைவிடப் பல மடங்கு. தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் ஆபத்து உச்சம். ஒரு மாதம் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாலும் அப்படியே. 'உடம்புக்கு ஓய்வு' என்று இடையிடையே நிறுத்துவது நல்லதல்ல.

கண்முன் ஒளிக்கோடுகள் நெளிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி, 160/100 அல்லது அதற்கு மேல் ரத்த அழுத்தம், முன்பு ரத்தக்கட்டு வந்தது, 35 வயதைத் தாண்டியும் புகைப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கூட்டு மாத்திரை வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை ரத்தக்கட்டு ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஆனால் நேரம் தவறக் கூடாது. பழைய வகைகளில் 3 மணி நேரம், டெசோஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் உள்ளதில் 12 மணி நேரம் வரைதான் தாமதிக்கலாம். அதைத் தாண்டினால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த 2 நாளுக்கு ஆணுறையும் வேண்டும்.

மூன்று மாத ஊசியிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை. என்றாலும் பக்கவிளைவு வந்தால் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. எலும்பு அடர்த்தி குறையும். நிறுத்திய பின் கருத்தரிக்க ஓராண்டுகூட ஆகலாம். விரைவில் குழந்தை வேண்டுபவர்களுக்கு இது சரிவராது.

கையில் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சியும் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்பும் மறதியால் தவறுவதில்லை. ஓராண்டில் கருத்தரிப்பது 100 பேரில் ஒருவருக்கும் கீழே. மாத்திரையில் சுமார் 7 பேர். குச்சியில் ஒழுங்கற்ற ரத்தப்போக்குதான் பெரிய தொல்லை. லூப் பொருத்தும்போது கருப்பைச் சுவர் துளைபடுவது ஏறத்தாழ 1,000-ல் ஒருவருக்கு.

மார்பகப் புற்றுநோய் இருப்பவர்களுக்கு இவற்றில் எதுவும் கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடோயின் ஆகிய மருந்துகளை எடுப்பவர்களுக்கு மாத்திரையும் குச்சியும் பலிக்காமல் போகலாம்; ஊசிக்கும் லூப்புக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

கூட்டு மாத்திரை எடுக்கும்போது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய், எடுக்கும் மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள்.