ஜியோவானிஸ் ரூம், பிலடெல்பியா: புத்தகப் பிரியர்கள் தவறவிடக் கூடாத கடை

பிலடெல்பியா போகிறவர்கள் சுதந்திர மணியைப் பார்த்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். புத்தகம் படிக்கிற ஆளென்றால் பன்னிரண்டாம் தெருவும் பைன் தெருவும் சேரும் முனைவரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நான் நியூ ஜெர்சி பக்கமிருந்து பாட்கோ ரயிலில் வந்து, லோகஸ்ட் தெருவில் 12-13ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கித் தெற்கே நடப்பேன். தெருப் பெயர்ப் பலகைகளின் கீழே வானவில் பட்டை தெரிந்தால் கடை பக்கத்தில்தான்.

1973இல் தொடங்கிய கடை இது. அமெரிக்காவில் இன்றும் நடக்கிற பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) புத்தகக் கடைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. வாசலில் 2011இல் பென்சில்வேனியா மாநில அரசு வைத்த வரலாற்றுப் பலகை இருக்கிறது. ஜேம்ஸ் பால்ட்வின் 1956இல் வெளியிட்ட நாவலின் பெயரைத்தான் கடைக்கு வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினத்தவரான அவர், பாரிஸில் இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதலை, வெள்ளையர்களையே பாத்திரங்களாக வைத்து எழுதினார். அவருடைய முதல் நாவலை வெளியிட்ட பதிப்பகமே இதை வேண்டாமென்று சொல்லிவிட்டது.

இந்தக் கடையை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இன்னொருவர். ஜோசப் பீம், பிலடெல்பியாக்காரர், இங்கே வேலை பார்த்தவர். சுற்றிலும் தன்பாலீர்ப்பு இலக்கியம். ஆனால் பெரும்பாலும் வெள்ளையர் எழுதியது. தன்னைப் போன்ற கறுப்பின ஆண்களின் வாழ்க்கை அதில் இல்லை என்று சலித்துப்போய், அவரே எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்து 1986இல் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்கள் எழுதிய கதை, கவிதை, கட்டுரை எல்லாம் அதில் உண்டு. அடுத்த தொகுப்பு முடிவதற்குள், 1988இல், எய்ட்ஸ் அவரைக் கொண்டுபோய்விட்டது. 34 வயதுகூட நிறையவில்லை. அவருடைய அம்மா டோரதி பீமும் கவிஞர் எசெக்ஸ் ஹெம்ப்ஹில்லும் சேர்ந்து அதை முடித்து 1991இல் வெளியிட்டார்கள். மகன் விட்டுப்போன வேலையை அம்மா எடுத்து முடித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அமெரிக்காவில் பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம், ஜூன் பால்புதுமையினரின் மாதம். எனக்குப் பழக்கமான ஒரு நூலகத்தில் பிப்ரவரி மாதம் கறுப்பின எழுத்தாளர்களுக்கு ஒரு மேசை போடுவார்கள், ஜூனில் பால்புதுமை எழுத்தாளர்களுக்கு ஒரு மேசை. அப்படியானால் ஆட்ரி லார்டை எந்த மேசையில் வைப்பது? கறுப்பினப் பெண், லெஸ்பியன், தாய், கவிஞர் என்று எல்லாமாகவும் தன்னைச் சொல்லிக்கொண்டவர் அவர். ஒரு கறுப்பினத்தவருடைய நாவலின் பெயரையே பலகையில் எழுதி வைத்திருக்கிற கடையில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

லார்டைப் படித்ததே இல்லையென்றால் 1982இல் வந்த ‘ஸாமி’யில் ஆரம்பியுங்கள். தன் வரலாறும் புனைவும் கலந்தது. கரீபியத் தீவிலிருந்து வந்த அம்மாவின் உரல் அதில் ஒரு முழு அத்தியாயத்துக்கு வருகிறது. வெளிப்புறம் பழங்கள் செதுக்கிய மர உரல். பூண்டும் உப்பும் இடிபடும் வாசனை. இடிக்கிற பெண்ணுக்கு அன்றைக்குத்தான் முதல் மாதவிலக்கு. அம்மியும் உரலும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பக்கங்கள் உடனே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 1984இல் வந்த அவருடைய கட்டுரைகளுக்குப் போகலாம்.

2014இல் பழைய உரிமையாளர் ஓய்வு பெற்றபோது கடை மூடப்பட்டது. அதே ஆண்டு ‘பில்லி எய்ட்ஸ் த்ரிஃப்ட்’ என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு எடுத்து மறுபடி திறந்தது. இப்போது புதுப் புத்தகங்களோடு பழைய புத்தகங்களும் மற்ற பழைய பொருட்களும் இருக்கின்றன. வருமானம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் வேலை செய்கிற உள்ளூர் அமைப்புகளுக்குப் போகிறது. பீமைப் பற்றித் தெரிந்தபின் இங்கே காசு கொடுக்க எனக்குக் கொஞ்சமும் யோசனை வருவதில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தக அலமாரியில் இன்னது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறிப்பிட்ட புத்தகம்தான் வேண்டுமென்றால் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அவசரமில்லையென்றால் பட்டியல் எதுவும் எடுத்துப் போகாமல், கையில் ஒரு துணிப்பையோடு மதியத்துக்கு மேல் போங்கள்.