டிஸ்னியின் ‘ராபின் ஹூட்’ (1973): ஷெரீஃப் மேல் வரும் கோபம் இன்னும் குறையவில்லை

கதை ஆங்காங்கே தொய்கிறது, நடனக் காட்சியில் பழைய படங்களின் அசைவுகளையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள், முடிவு அவசர அவசரமாக வருகிறது. 1973-ல் வந்த இந்த கார்ட்டூன் படத்தின் மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குறைகள் இவை, மூன்றும் உண்மைதான். இருந்தாலும் சின்ன வயதில் திரும்பத் திரும்பப் பார்த்த படத்தைப் பல வருஷம் கழித்துப் போட்டுப் பார்த்தபோது 83 நிமிஷமும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. பழைய பாசம் ஒரு காரணம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இல்லாதவனிடமிருந்து பிடுங்குவது எவ்வளவு கொடுமை என்பதை, ஒரே ஒரு காசை வைத்து, ஏழு வயதுக் குழந்தைக்கும் உறைக்கிற மாதிரி இந்தப் படம் காட்டிவிடுகிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மன்னர் ரிச்சர்டு சிலுவைப் போருக்குப் போயிருக்கிறார், தம்பி ஜான் அரியணையில் உட்கார்ந்துகொண்டு நாட்டிங்ஹாம் மக்களை வரியால் பிழிகிறான். ஷெர்வுட் காட்டில் இருக்கும் ராபின் அந்தப் பணத்தைக் கொள்ளையடித்து ஏழைகளுக்குத் திருப்பிக் கொடுக்கிறான். எல்லோரும் மிருகங்கள். ராபினும் அவன் காதலி மரியனும் நரிகள், அவன் தோழன் லிட்டில் ஜான் கரடி, வரி வசூலிக்கும் அதிகாரி ஷெரீஃப் ஓநாய், இளவரசர் ஜான் பிடரி மயிர் இல்லாத ஒரு நோஞ்சான் சிங்கம். கதை சொல்வது ஆலன் என்ற சேவல், கையில் இசைக்கருவியோடு.

பிறந்தநாள் காட்சியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். ஸ்கிப்பி என்ற முயல் குட்டிக்கு ஏழாவது பிறந்தநாள். வீட்டில் ஏகப்பட்ட குட்டிகள், அப்பா இல்லை, அம்மா எப்படியோ மிச்சம் பிடித்து ஒரு ஃபார்த்திங்கை (ஒரு பென்னியில் கால்வாசி, அந்தக் காலத்துச் சில்லறையிலேயே சின்னது) பெட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுக்கிறாள். குட்டி அதைத் திறந்து பார்த்துச் சந்தோஷப்படும் அந்த நேரத்தில் ஷெரீஃப் உள்ளே வருகிறான், சிரித்துக்கொண்டே வாழ்த்துகிறான், காசை எடுத்துக்கொள்கிறான். கத்தவில்லை, அடிக்கவில்லை, கத்தியை உருவவில்லை. பேச்செல்லாம் இனிமையாக இருக்கிறது. அந்த இனிமைதான் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் ‘இவன் கெட்டவன்’ என்று மட்டும் தோன்றியது. இப்போது பார்க்கும்போது, வேலையை ரசித்துச் செய்யும் ஒரு வசூல் அதிகாரியின் முகம் தெரிகிறது, வயிறு எரிகிறது. இதற்குச் சற்று முன்னால் கொல்லன் ஆட்டோவின் காட்சியும் இதே ரகம்: கால் உடைந்து கட்டுப் போட்டிருக்கும் வயசான நாய் அது, பாதிரியார் டக் ரகசியமாகக் கொடுத்த காசைக் கட்டுக்குள் ஒளித்து வைக்கிறது, ஷெரீஃப் உதவி செய்கிற பாவனையில் அந்தக் காலைத் தூக்கித் தட்டித் தட்டியே காசை விழ வைக்கிறான்.

பிறகு குருட்டுப் பிச்சைக்காரன் வேஷத்தில் வரும் ராபின், ஸ்கிப்பிக்கு வில்லும் அம்பும் தன் தொப்பியும் கொடுக்கிறான். தொப்பி பெரிசு, குட்டியின் கண்ணை மறைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு அது நடக்கும் நடையைப் பாருங்கள், ஒரு சிறுவனுக்கு நாயகன் என்றால் யார் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள். ராபினை நாம் நேசிக்க ஆரம்பிப்பது அவன் வில்வித்தையைப் பார்த்து இல்லை, இந்த வீட்டுக்குள் வந்துபோகும் சில நிமிஷங்களால்தான் என்பது என் அபிப்பிராயம்.

இதே காசு படத்தின் பின்பாதியில் வேறு ரூபத்தில் திரும்ப வருகிறது. வரி மூன்று மடங்காகி, கட்ட முடியாத ஊர் முழுக்கச் சிறையில் கிடக்கிறது, மழை கொட்டுகிறது, சங்கிலியில் கட்டுண்ட ஆலன் நாட்டிங்ஹாமின் கஷ்டத்தைப் பாடுகிறான். நகைச்சுவைப் படம் திடீரென்று நின்று, ஒரு பாட்டு முழுக்க இருட்டையும் ஈரத்தையும் சோர்ந்த முகங்களையும் காட்டுகிறது. குழந்தைகள் படத்தில் இவ்வளவு நேரம் துக்கத்தில் நிற்க இன்று யாருக்குத் துணிச்சல் வரும் என்று தெரியவில்லை. அது முடிந்ததும் தேவாலயம். உண்டியல் காலி. அங்கே குடியிருக்கும் எலித் தம்பதி, ஆபத்துக்கு என்று ஒளித்து வைத்திருந்த கடைசிக் காசை எடுத்துப் போடுகிறார்கள். அதையும் ஷெரீஃப் எடுக்கிறான். அதுவரை பொறுமையாக இருந்த டக், தடியைத் தூக்கிக்கொண்டு அவன் மேல் பாய்கிறார். மதகுரு ஒருவர் அரசு அதிகாரியை அடிக்கிறார், படம் முழு மனசோடு அவர் பக்கம் நிற்கிறது, பார்க்கிற நாமும்தான். ராஜத்துரோகம் என்று சொல்லி அவரைச் சங்கிலியில் இழுத்துப் போவதிலிருந்துதான் கடைசிக் கட்டமே தொடங்குகிறது. ஆக, படத்தின் மொத்தப் பாரமும் ஒரு ஃபார்த்திங் மேல் நிற்கிறது.

வில்லன்கள் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இளவரசர் ஜானுக்குக் குரல் பீட்டர் உஸ்தினோவ், அவனுடைய ஆலோசகப் பாம்பு சர் ஹிஸ்ஸுக்கு டெர்ரி-தாமஸ். டிஸ்னி படங்களில் இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை. ஜானின் கிரீடம் தலையில் நிற்காது, காதுக்குக் கீழே சரியும், அது அண்ணனுடைய கிரீடம். ‘அம்மா’ என்ற பேச்சு வந்தாலே கட்டைவிரல் வாய்க்குப் போய்விடும், இன்னொரு கை காதைத் தடவும். இந்த ஒரு சேஷ்டையை வைத்தே, அண்ணன் மேல் மட்டும் பாசம் வைத்த அம்மா, அதில் வாடிய தம்பி என்று ஒரு முழுக் குடும்பக் கதையையும் புரிய வைத்துவிடுகிறார்கள். டிஸ்னியின் ‘ஒன்பது மூத்தவர்கள்’ என்று அழைக்கப்பட்ட ஓவியர்களில் ஒருவரான ஆலி ஜான்ஸ்டன் இந்த இருவரையும் வரைந்திருக்கிறார். ஹிஸ் திட்டு வாங்கும்போது உடம்பு முழுக்கச் சுருங்கி, பாராட்டு கிடைத்ததும் கழுத்தை நீட்டி நிமிரும் விதத்தில் அந்த அனுபவம் தெரிகிறது. இதே உஸ்தினோவ்தான் கடைசியில் வரும் ரிச்சர்டுக்கும் குரல் கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஒரே தொண்டையிலிருந்து இரண்டு அண்ணன் தம்பிகள்.

வில்வித்தைப் போட்டி இன்னும் அதே வேகத்தோடு இருக்கிறது. நாரை வேஷத்தில் ராபின், பலூனுக்குள் தலையை விட்டுப் பறந்து உளவு பார்க்கும் ஹிஸ், எல்லாம் குழம்பி அடிதடியானதும் காண்டாமிருகக் காவலர்களை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும் க்ளக் என்ற கோழியம்மா, மரியனின் தோழி. பின்னணியில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பாட்டுகள் ஒலிக்கின்றன! இடைக்கால இங்கிலாந்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். படம் முழுக்கவே அப்படித்தான். ராபினும் மரியனும் நல்ல பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேச, ஷெரீஃபும் டக்கும் கழுகுக் காவலர்களும் அமெரிக்கக் கிராமத்து ஆட்களைப் போலப் பேசுகிறார்கள். பேட் பட்ரம், ஆண்டி டிவைன், கென் கர்ட்டிஸ் எல்லோரும் கௌபாய் படங்களிலும் தொடர்களிலும் பழகிய குரல்கள், சேவலுக்குக் குரல் கொடுத்து அதன் பாட்டுகளை எழுதிய ராஜர் மில்லர் கண்ட்ரி இசைப் பாடகர். கதாபாத்திரங்களை வடிவமைத்த கென் ஆண்டர்சன் முதலில் கதையை அமெரிக்காவின் தென்பகுதியில் நடத்த விரும்பினார், இயக்குநர் ரெய்தர்மேன் பழைய இங்கிலாந்திலேயே வைத்துக்கொண்டார். அந்த ஆசையின் மிச்சம் குரல்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில விமர்சகர்களுக்கு இது உறுத்தல். எனக்கு அந்தச் சிறைப் பாட்டின் வலியே இந்தக் கலவையால்தான் வந்தது என்று படுகிறது, ஏழ்மையைப் பாடிப் பாடிப் பழகிய இசை அது.

சரி, அந்த நடனம். காட்டில் எல்லோரும் சேர்ந்து போலி ராஜாவைக் கிண்டல் செய்து ஆடும் பாட்டில், மரியன் ஆடுவது 1937-ல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ ஆடிய அதே அசைவுகள். லிட்டில் ஜானும் க்ளக்கும் ஆடுவது 1967-ல் வந்த ‘ஜங்கிள் புக்’ படத்தில் பாலு என்ற கரடியும் குரங்கு ராஜா லூயியும் ஆடியது, வாத்தியக்காரர்கள் 1970-ல் வந்த ‘அரிஸ்டோகேட்ஸ்’ பூனைகளின் அசைவுகளோடு வருகிறார்கள். லிட்டில் ஜான் பாலுவின் தம்பி மாதிரி இருப்பது தற்செயல் இல்லை, குரலும் அதே ஃபில் ஹாரிஸ்தான். ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போகாது. வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் இறந்துவிட்டார், ஸ்டுடியோ சிக்கனமாகப் படம் எடுத்த காலம் இது. கோடுகள் கொஞ்சம் கரடுமுரடாக, பென்சில் தடத்தோடு தெரிவதற்கும் செலவைக் குறைக்க வந்த முறைதான் காரணம், ஓவியரின் பென்சில் கோட்டை அப்படியே நகலெடுத்து செல்லுலாய்டு ஷீட்டில் பதிக்கும் முறை, 1961-ல் வந்த ‘101 டால்மேஷன்ஸ்’ படத்திலிருந்தே அதுதான் வழக்கம். இந்தக் கரடுமுரடு எனக்குப் பிடித்திருக்கிறது, வரைந்த கை தெரிகிறது. ஆனால் கடன் வாங்கிய நடனம் மட்டும் நியாயமில்லை, மரியனுக்கென்று ஒரு சொந்த ஆட்டம் கிடைத்திருக்க வேண்டும்.

மரியனுக்கு இந்தப் படம் செய்த அநியாயம் அதோடு முடியவில்லை. அந்த நடனத்துக்குப் பிறகு அவள் காணாமல் போய்விடுகிறாள். ஊரே சிறைக்குப் போகிறது, கோட்டை பற்றி எரிகிறது, ராபின் அகழியில் குதிக்கிறான், எதிலும் அவள் இல்லை. நேரே கல்யாணத்தில்தான் அடுத்த தரிசனம். அந்தக் கல்யாணமும் சட்டென்று வந்துவிடுகிறது. ராபின் செத்துவிட்டான் என்று லிட்டில் ஜானும் ஸ்கிப்பியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தக் கனமான நேரம் முடிந்த கையோடு, ரிச்சர்டு திரும்பிவிட்டார், கெட்டவர்கள் கல் உடைக்கிறார்கள், எல்லாம் சுபம் என்று சேவல் சொல்லிவிடுகிறது. அவ்வளவு கொடுமையை அவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம், அது தீரும் காட்சியை நம் கண்ணில் காட்டவே இல்லை.

நல்ல ராஜா வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவு, வரலாறு கொஞ்சம் படித்தபின் இன்னும் நெருடுகிறது. நிஜ ரிச்சர்டு 1189 முதல் 1199 வரை பத்து வருஷம் மன்னராக இருந்து, அதில் சுமார் ஆறு மாதம்தான் இங்கிலாந்தில் கழித்தார். போரிலிருந்து திரும்பும் வழியில் 1192-ல் ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டிடம் பிடிபட்டார், அவரை மீட்க 1,50,000 மார்க் (அந்தக் காலத்துப் பணக் கணக்கு) கேட்டார்கள், அதற்காக மக்களின் வருமானத்திலும் அசையும் சொத்திலும் நான்கில் ஒரு பங்கு வரி போடப்பட்டது. அதாவது அந்தக் காலத்து மக்களை நசுக்கிய வரிகளில் பெரிய ஒன்று அண்ணனை மீட்கத்தான் போனது. ராபின் ஹூட் பற்றிய நாட்டுப்புறக் கதைப்பாட்டுகளின் பழைய வடிவங்களில் ரிச்சர்டும் இல்லை, எட்வர்டு என்ற மன்னர்தான் வருகிறார். மரியனும் அவற்றில் கிடையாது, ராபினையும் ரிச்சர்டையும் சேர்த்ததெல்லாம் 16-ஆம் நூற்றாண்டு வேலை. ஒரு கார்ட்டூன் படம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஊருக்கு நல்லது செய்தது ராபினும் டக்கும் அந்த எலித் தம்பதியும் என்று இவ்வளவு நேரம் காட்டிவிட்டு, பெயரை ராஜாவுக்குக் கொடுத்து முடிப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

பாட்டுகள் எல்லாமே நிற்கின்றன. ஆரம்பத்தில் சேவல் விசிலடித்துக்கொண்டு வரும் மெட்டை வேகமாக ஓடவிட்டுத்தான் 90-களின் கடைசியில் இணையம் முழுக்கச் சுற்றிய ஆடும் வெள்ளெலிகள் பக்கம் உருவானது, அதைக் கேட்டவர்களுக்கு இப்போது படம் பார்க்கும்போது உடனே பொறி தட்டும். நான்சி ஆடம்ஸ் பாடிய காதல் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நிதானமான, அழகான பாட்டு, ஆனால் குழந்தைகள் அந்த இடத்தில் நெளிவார்கள்.

வீட்டில் சின்னவர்களோடு பார்ப்பதாக இருந்தால், ஆங்கிலக் குரல்களோடே பாருங்கள், உஸ்தினோவையும் டெர்ரி-தாமஸையும் இழந்துவிட்டால் பாதி ருசி போய்விடும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கோட்டை எரியும் காட்சியில் பக்கத்தில் உட்காருங்கள், மற்ற இடங்களில் பயமில்லை. டிஸ்க் கிடைத்தால் அதில் இருக்கும் வேறொரு முடிவின் ஓவியங்களையும் பார்த்துவிடுங்கள்: அதில் ராபின் காயம்பட்டுத் தேவாலயத்தில் கிடக்க, அவனைக் கொல்ல வந்து நிற்கும் தம்பியை ரிச்சர்டு நேரில் வந்து தடுக்கிறார். அசையாத ஓவியங்கள்தான், ஆனாலும் படத்தில் இருப்பதைவிட அந்த முடிவையே எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.