மட்டை அரைக்கும் மிஷின் வாங்குறவங்க பில்லில் மாடல் நம்பர் இருக்கான்னு பாருங்க

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கிறவங்களுக்கு இந்தப் பதிவு. டிராக்டர் பி.டி.ஓ.வுல (இன்ஜின் சக்தியை வெளிய எடுக்கிற பின்பக்கத் தண்டு) ஓடுற, தென்னை மட்டையைத் தூளாக்குற மிஷின் ஒண்ணைக் காட்டிட்டு, வேற ஒண்ணை எங்க தோப்புல இறக்கிட்டுப் போயிட்டாங்க ஏஜென்ட்டுங்க. போனது 1,85,000 ரூபாய்.

ஒரு மரம் மாசம் ஒரு மட்டை கழிக்கும். ஏக்கருக்கு 70 மரம்னா வருசத்துக்கு 800 மட்டைக்கு மேல. குவிச்சுப் போட்டா மக்குற குப்பையில காண்டாமிருக வண்டு முட்டை வைக்குது. வெள்ளை ஈ, வாடல் நோய்னு வந்தப்புறம் வெட்டிக் கழிக்கிறதும் கூடிப்போச்சு. அதான் ஊருக்கு நாலு மிஷின் ஏஜென்ட் சுத்துறாங்க.

டெமோ பக்கத்துத் தோட்டத்துல நடந்தது. அந்த மிஷின்ல பல்லு வச்ச ரோலர் ரெண்டு. மட்டை நுனியைக் காட்டினாப் போதும், தானா உள்ள இழுத்துக்குது. சிக்கினா வெளிய தள்ள ஒரு லீவர். ஆனா போட்டது எல்லாம் காய்ஞ்ச மட்டையும் வேப்பங்கிளையும்தான். பச்சை மட்டை போடச் சொன்னதுக்கு, "அதுக்கென்னங்ணா, டெலிவரி அன்னைக்கு உங்க தோப்புலயே ஓட்டிக் காட்டிடறோம்"னாங்க. மானியமும் அவங்களே வாங்கித் தர்றதாச் சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கிட்டாங்க.

வண்டி வந்தது பொழுது சாயுற நேரம். இறக்கினவங்களுக்கு மிஷினைப் பத்தி ஒண்ணும் தெரியல. ஓட்டிக் காட்ட ஆள் வரவே இல்ல. வெளிச்சத்துல பார்த்தா ரோலரும் இல்ல, லீவரும் இல்ல. பச்சை மட்டையைக் கையால தள்ளினா ஓலை பூரா ஷாஃப்ட்டுல சுத்திக்குது. அடிமட்டை பிளேடுல பட்டதும் எதிர்த்து அடிச்சு, தள்ளின ஆளோட முழங்கை வீங்கிப்போச்சு. பெல்ட் கருகுற நாத்தம் வேற.

பிளேடைக் கழட்டி லேத் பட்டறைக்குக் கொண்டு போனோம். பட்டறைக்காரர் ஓரத்துல அரத்தை வச்சு ஒரு இழு இழுத்தார். பொடி பொடியா உதிருது. "பதம் வச்ச, அதாவது சூடாக்கிக் கடினமாக்கின பிளேடுன்னா அரம் வழுக்கணும்ங்க. இது சாதா பட்டை இரும்பு"ன்னார். நீங்களும் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. வேண்டாம்னு தடுக்கிற வியாபாரிகிட்ட வாங்கவே வாங்காதீங்க.

போன் பண்ணினா, "அது பழைய மாடல்ங்ணா, இது அப்டேட் பண்ணினது"ங்கிறாங்க. பில்லை எடுத்துப் பார்த்தா "மட்டை அரைக்கும் மிஷின் – 1", அவ்வளவுதான். மாடல் நம்பர் இல்ல, சீரியல் நம்பர் இல்ல. மத்தியப் பிரதேசம் புத்னியில பண்ணை மிஷின்களைச் சோதிக்கிற மத்திய அரசு நிலையத்து ரிப்போர்ட்னு ஒரு ஜெராக்ஸ் குடுத்திருந்தாங்க. அதுல மாடல் பேர் இருக்கு, ஆனா மிஷின்ல ஒட்டியிருக்கிற தகடு வெறும் தகடு. ரெண்டையும் எப்படிப் பொருத்திப் பார்க்கிறது?

மானியமும் கதைதான். வேளாண் பொறியியல் துறையில மொதல்ல விண்ணப்பம் போட்டு, அனுமதி வந்தப்புறம், அவங்க அங்கீகரிச்ச மாடல்ல வாங்கணும். பொதுவா 40 சதவீதம். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50, அதுக்கும் உச்சவரம்பு உண்டு. முன்னாடியே வாங்கின மிஷினுக்குக் கிடைக்காதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. உழவன் செயலியிலயே விண்ணப்பிக்கலாம், நடுவுல ஏஜென்ட் எதுக்கு?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் பதிவு பண்ணினோம். பதில் இல்லாததால மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயாச்சு. வித்தவன் எந்த ஊரா இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம். பொருளுக்குக் குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது, 2 வருசத்துக்குள்ள போடணும். "தோப்புக்கு வாங்கினது வியாபாரத்துக்கு"ன்னு அவங்க வக்கீல் ஒரு வாதம் வைக்கிறார். சொந்தப் பிழைப்புக்கு வாங்கினா நுகர்வோர்தான்னு சட்டத்துலயே இருக்கு.

இதே மாதிரி மாட்டினவங்க இருந்தா, டெமோ அன்னைக்கு எடுத்த போட்டோ, வீடியோ எதையும் அழிச்சுடாதீங்க. பக்கத்துத் தோட்டத்துப் பையன் சும்மா எடுத்து வச்ச வீடியோவுல அந்த ரெண்டு ரோலரும் லீவரும் பளிச்சுன்னு தெரியுது. ஆணையத்துல அதைத்தான் தாக்கல் பண்ணியிருக்கோம்.