ஒரே கிரென்கோ, மூன்று அட்டை: கடையில் கட்டிய கமாண்டர் கட்டு வாங்குவோர் கவனத்துக்கு

சென்ற தீபாவளிக்கு உறவினர்கள் கொடுத்த பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்து, என் மகள் 160 வெள்ளிக்கு ஒரு 'மேஜிக்: த கேதரிங்' அட்டைக்கட்டு வாங்கினாள். சிங்கப்பூரில் அட்டை விளையாட்டுக்கென்றே நடத்தப்படும் கடை அது. பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் 13, 14 வயதுப் பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் இப்படிப்பட்ட கடைகளுக்குப் போகிறார்கள். கல்லாவில் நிற்பவர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள்.

அவள் கேட்டது, ஒரு தலைமை அட்டையை முன்வைத்து ஆடும் 'கமாண்டர்' முறைக்கான கட்டு. கடைக்காரர் தாமே கட்டியதாகச் சொல்லி, எந்த எழுத்தும் இல்லாத கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். தலைமை அட்டை 'கிரென்கோ, மாப் பாஸ்'. காப்ளின் எனும் குட்டிப் பூதங்களின் கூட்டத்துக்குத் தலைவன். அவன் அட்டையை ஒருமுறை பக்கவாட்டில் சாய்த்து அவன் திறனைப் பயன்படுத்தினால், நம்மிடம் எத்தனை காப்ளின் இருக்கிறதோ அத்தனை புதிய காப்ளின் டோக்கன்கள் (கட்டில் இல்லாமல் மேசையில் மட்டும் வைக்கும் அடையாளங்கள்) வரும். தனி ஆளாகத் தொடங்கினாலும் 2, 4, 8 என்று பெருகிக்கொண்டே போகும். இதைத்தான் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். தலைமை அட்டை போக இன்னும் 2 கிரென்கோவைக் கட்டுக்குள் வைத்திருப்பதாகவும், மூவரும் மேசைக்கு வந்துவிட்டால் எதிராளி தாக்குப்பிடிக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். அந்த 2 அட்டைக்கும் சேர்த்துத்தான் விலை.

அடுத்த வாரம் வேறொரு இடத்தில் ஆட உட்கார்ந்தாள். இரண்டாவது கிரென்கோவை அவள் கீழே வைத்ததும் எதிரில் இருந்த இளைஞர், அதட்டாமல் பொறுமையாகவே, இந்தக் கட்டு செல்லாது என்று சொல்லிவிட்டார். கமாண்டர் கட்டில் தலைமை அட்டையையும் சேர்த்து 100 அட்டைகள். மலை, காடு போன்ற அடிப்படை நில அட்டைகளைத் தவிர எந்தப் பெயரும் இரண்டாம் முறை வரக்கூடாது (எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று தங்கள் மேலேயே எழுதியிருக்கும் சில அட்டைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு). அன்று அவள் ஆடாமலேயே திரும்பி வந்தாள். வீட்டுக்கு வந்து பெட்டியை மேசைமேல் வைத்தபோது அவள் முகம் இருந்த நிலையை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் நானும் போனேன். கடைக்காரர் முதலில் சொன்னது: "செல்லாது என்று யார் சொன்னது? மேசையில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கல்லறைக்கு அனுப்பினால் போதும்." கல்லறை என்பது ஆட்டத்தில் இழந்த அட்டைகளைப் போடும் குவியல். அவர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்து. கிரென்கோ 'லெஜண்டரி' வகை அட்டை. ஒரே பெயருள்ள 2 லெஜண்டரி அட்டைகள் ஒருவர் பக்கத்தில் சேர்ந்துவிட்டால், அவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கல்லறைக் குவியலில் போட வேண்டும். அது மேசைக்கான விதி. வேறு முறைகளில் ஆடும் 60 அட்டைக் கட்டுகளில் ஒரே லெஜண்டரி அட்டையை 4 வரை வைத்துக்கொள்ளலாம், மேசையில் மட்டும் ஒன்று. கமாண்டரில் கட்டுக்குள்ளேயே ஒன்றுக்கு மேல் கிடையாது. இவை இரண்டும் வேறு வேறு விதிகள். சரி, அவர் சொன்னபடியே வைத்துக்கொண்டாலும் மூன்று கிரென்கோ ஒன்றாக நிற்கும் என்று என் மகளிடம் சொன்னது பொய்தானே?

அதைக் கேட்டதும், கட்டில் இருந்த 'டார்க்ஸ்டீல் பிளேட்' கவசத்தை எடுத்துக் காட்டினார். அதை மாட்டினால் அழிக்க முடியாது, அதனால் இரண்டாவது கிரென்கோ போகாது என்றார். அதுவும் தவறு. லெஜண்டரி விதி அட்டையை அழிப்பதில்லை, நேரே கல்லறையில் வைக்கிறது. அழியாமை அங்கே உதவாது. அந்த விதியையே நிறுத்தும் 'மிரர் கேலரி' போன்ற அட்டைகள் உண்டு. இந்தக் கட்டில் அப்படி எதுவும் இல்லை.

கடைசியாக, எதிராளியும் கிரென்கோ இறக்கினால் இரண்டும் சாகும், அதற்காகத்தான் உபரி அட்டைகள், போன மாதம்தான் விதி மாறியது என்றார். இந்த விதியின் கதை எனக்குத் தெரியும் என்று அவர் நினைக்கவில்லை. 1994இல் 'லெஜண்ட்ஸ்' தொகுப்பு வந்த காலத்தில், முதலில் வந்த அட்டை நிற்கும், பின்னால் வந்தது போகும். 2004இல் கமிகாவா தொகுப்போடு, யார் பக்கம் இருந்தாலும் இரண்டும் கல்லறைக்குப் போகும் என்றாக்கினார்கள். எதிராளியின் தலைவனைக் கொல்வதற்காகவே அதே அட்டையைச் சிலர் வைத்துக்கொண்டது அப்போதுதான். 2013இல் அது முடிந்தது. அதன்பின் ஒவ்வொருவரும் தம் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். எதிராளியின் கிரென்கோ நம் கிரென்கோவைத் தொடாது. அவர் என்னிடம் புது விதி என்று சொன்னது 2013இலேயே காலாவதியானது.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. 40 வெள்ளிக்கு அந்தக் கடையிலேயே செலவு செய்யும் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: முதல் கட்டு என்றால் நிறுவனமே மூடி முத்திரையிட்டு விற்கும் கமாண்டர் கட்டை வாங்குங்கள். கடையில் கட்டியதுதான் வேண்டுமென்றால், பணம் கொடுக்கும் முன் அங்கேயே 100 அட்டையையும் பரப்பிப் பெயர் பெயராகப் பிரித்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். அதற்கு முகம் சுளிக்கும் கடையில் வாங்காதீர்கள். போகிமான் என்ற இன்னொரு அட்டை விளையாட்டுக்குக் கட்டு வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே 'ஏஸ் ஸ்பெக்' எனும் சிறப்பு வகை அட்டை, 60 அட்டைக் கட்டுக்கு ஒன்றுதான். பெயர் வேறாக இருந்தாலும் இரண்டாவது ஏஸ் ஸ்பெக் கூடாது. பெயர் வேறானால் செல்லும் என்ற கமாண்டர் கணக்கை அங்கே போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள்.

உபரி கிரென்கோ இரண்டையும் எடுத்துவிட்டோம். ஓர் இடத்தில் ஒரு மலை அட்டையை வைத்தோம். மற்றதில் 2019இல் வந்த 'கிரென்கோ, டின் ஸ்ட்ரீட் கிங்பின்'. ஆள் ஒருவன்தான், ஆனால் அட்டையின் பெயர் வேறு. அதனால் கட்டிலும் செல்லும், மேசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்திலும் நிற்கலாம். அந்த அட்டையை என் மகளே தேடிக் கண்டுபிடித்தாள். வரும் சனிக்கிழமை அதே இளைஞரோடு ஆடப் போகிறாள்.